போடி வழியாக மூணாறு: முதல் தடவை போகிறவர்களுக்கு

சென்னையிலிருந்து எந்தச் சொந்தக்காரர் போன் செய்தாலும் "மூணாறுல ஸ்னோ விழுதாமே, சறுக்கி விளையாடலாமா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். முடியாது. அது உறைபனி. ஜனவரியில் சில விடியற்காலைகளில் செண்டுவாரை, லெட்சுமி எஸ்டேட் பக்கம் புல்லெல்லாம் உப்பு தூவின மாதிரி வெளுத்துக் கிடக்கும், வெயில் ஏறினதும் காணாமல் போய்விடும், உங்களுக்கு மிஞ்சுவது நனைந்த செருப்பு மட்டும்தான். போட்டோ எடுக்க வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் பனி பட்ட தேயிலைச் செடி கருகிப்போகும், அப்புறம் கொஞ்ச நாளைக்கு அங்கே கொழுந்து கிள்ள வேலை இருக்காது. எஸ்டேட்டில் இருக்கிற என் பெரியம்மாவிடம் "பனி அழகா இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் கிடைக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதலில் மாதம்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை, அட்டை, போதாக்குறைக்கு மலைப்பாதையில் மண்சரிவு. டிசம்பர் கடைசியில் கூட்டம். செப்டம்பர் பின்பாதி, இல்லையென்றால் ஜனவரி நடுவில் வையுங்கள், அதுவும் வாரநாளாக. வரையாடு பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரி, மார்ச் வேண்டாம். குட்டி போடும் காலம் என்று, அது மேய்கிற ராஜமலையை மூடிவிடுவார்கள். இது தெரியாமல் நானே ஒரு பிப்ரவரியில் பதினோரு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு போய் கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மச்சான் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். குறிஞ்சி பூக்குமா என்றும் கேட்காதீர்கள், பெரிய பூப்பு 2018இல் முடிந்தது, இனி 2030.

போடியில் ராத்தங்குங்கள்

கொச்சி வழியாக வருகிறவர்கள் வரட்டும். நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்குத் தேனி மாவட்டத்துப் போடிதான் வாசல். 2023இலிருந்து போடிக்கு மறுபடி ரயிலும் ஓடுகிறது. விடியற்காலையில் கிளம்புங்கள், ஆனால் ஒன்று: அந்த நேரத்தில்தான் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகளும் கிளம்பும். தலையில் துண்டு, மடியில் தூக்குச்சட்டி என்று பத்துப் பன்னிரண்டு பெண்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், டிரைவர் பதினேழு கொண்டை ஊசி வளைவையும் மனப்பாடமாக வைத்திருப்பார். ஹாரன் அடித்தால் ஒதுங்கி வழி விடுங்கள், அவரோடு போட்டி வேண்டாம்.

முந்தல் தாண்டி ஏற்றம் ஆரம்பிக்கும். போடிமெட்டு வந்தால் தமிழ்நாடு முடிந்தது. அங்கே டீயைக் குடித்துவிட்டு ஸ்வெட்டரை எடுத்து மாட்டுங்கள். பூப்பாறை, ஆனையிறங்கல் அணை, கேப் ரோடு, தேவிகுளம், அப்புறம் மூணாறு. மொத்தம் எழுபது கிலோமீட்டருக்குள்தான், ஆனாலும் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். கேப் ரோடு திறந்திருக்கிறதா என்று பூப்பாறையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது நல்லது. தமிழிலேயே கேட்கலாம், அந்தப் பக்கம் பாதிக் கடை நம் ஆட்களுடையதுதான்.

முதல் நாள்: ஊருக்குள்ளேயே

எல்லோரும் இறங்கின உடனே போட்டிங், எக்கோ பாயின்ட் என்று ஓடுகிறார்கள். முதல் நாள் ஊரைப் பாருங்கள். முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை மூன்று ஆறும் சேருமிடம், அதனால்தான் மூணாறு.

பழைய மூணாறில் மேட்டில் சிஎஸ்ஐ தேவாலயம் இருக்கிறது, 1910இல் கட்ட ஆரம்பித்த கல் கட்டடம். அதைவிடப் பழையது பின்னால் குன்றின்மேல் இருக்கும் கல்லறை. எலினார் என்ற ஆங்கிலேய இளம்பெண், கல்யாணமாகி இங்கே வந்த கொஞ்ச நாளிலேயே காலராவில் 1894இல் இறந்துபோனார். அவர் கல்லறை முதலில், தேவாலயம் அப்புறம். படி ஏறி அது வரைக்கும் போங்கள், பாதிப் பேர் கீழேயே செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

அடுத்து நல்லதண்ணியில் தேயிலை அருங்காட்சியகம், திங்கள் விடுமுறை. இலை எப்படித் தூளாகிறது என்று ஓடுகிற மெஷினிலேயே காட்டுவார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது இரண்டு பொருள். ஒன்று 1913இல் செய்த கல் சூரியக் கடிகாரம், செய்தது நம் நாசரேத் தொழிற்பள்ளி. இன்னொன்று ஒரு ரயில் எஞ்சினின் சக்கரம். ஆமாம், இந்த மலைமேல் ரயில் ஓடியது. 1902இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாட்டைக் கட்டி இழுத்தார்கள், 1908இல் நீராவி எஞ்சின் வந்தது. 1924 ஜூலை வெள்ளம் ரயிலையும் ஊரையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது. கேரளக்காரர்கள் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்பார்கள், கொல்லம் ஆண்டு 1099. சுவரில் இருக்கும் படங்களை அவசரப்படாமல் பாருங்கள், மறுநாள் நீங்கள் போகப்போவது அந்த ரயிலின் வழி.

இரண்டாம் நாள்: டாப் ஸ்டேஷன்

மாட்டுப்பட்டி அணை, குண்டளை ஏரி, எல்லப்பட்டி என்று முப்பத்திரண்டு கிலோமீட்டர். வழியில் எதற்கும் நிற்காதீர்கள், திரும்பும்போது நிற்கலாம். பத்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும், நேரமானால் மேகம் ஏறி மூடிவிடும், வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு மாங்காய் பத்தை தின்றுவிட்டு வர வேண்டியதுதான்.

பெயரில் ஸ்டேஷன் இருப்பது சும்மா இல்லை. மூணாறிலிருந்து ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகள் இங்கே இறங்கி, ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கீழே கொட்டகுடிக்குப் போகும். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி, அப்புறம் தூத்துக்குடி, அப்புறம் கப்பல். பார்வைமுனையில் நின்று நேர் கீழே பாருங்கள், குரங்கணி, கொட்டகுடி, தெளிவாக இருந்தால் போடிச் சமவெளி வரைக்கும் தெரியும். கேரளாவுக்குள்ளேயே சுற்றிவிட்டு நீங்கள் நிற்கிற இடம் தேனி மாவட்டம் என்பது இன்னொரு வேடிக்கை.

அங்கே யாராவது "குரங்கணிக்கு நடந்தே இறங்கிடலாம் சார், குறுக்கு வழி" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2018 மார்ச்சில் அந்தப் பக்கம் காட்டுத் தீயில் மலையேற வந்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கவே கூடாது.

நேரமிருந்தால் ராஜமலை

இரவிகுளம் தேசியப் பூங்கா. டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே போட்டுவிடுங்கள், வனத்துறை வண்டியில்தான் மேலே போக வேண்டும். வரையாடு நம் மாநில விலங்கு, அதைப் பார்க்கக் கேரளாவுக்குப் போகிறோம். பக்கத்திலேயே நின்று மேயும், தொடாதீர்கள், தின்ன எதுவும் நீட்டாதீர்கள். ஆனைமுடி 2695 மீட்டர், தெற்கே இதுக்கு மேல் உயரம் கிடையாது. கீழே இருந்து அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம், உச்சிக்கு விட மாட்டார்கள்.

ஏலக்காய் வாங்குவதை மட்டும் மூணாறில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஸ்பைஸ் தோட்டம் என்று கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டிவிட்டு, ஒரு கடையில் என் தலையில் நல்ல விலைக்குக் கட்டிவிட்டார்கள். இறங்கி வந்து போடியிலேயே வாங்குங்கள். எட்டு எம்.எம். காய் என்று கேளுங்கள், உள்ளங்கையில் நாலைப் போட்டுத் தருவார்கள், ஒன்றை உடைத்து விதை கறுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். விதை வெளுத்திருந்தால் அடுத்த கடை.