ஈர மணலில் குதிரைச் சவாரி: குளம்புத் தடம் பார்த்துச் சமநிலை பழகும் முறை

சேணம் கட்டவும், ஏறி இறங்கவும், குதிரையை நடக்கவிட்டு நிறுத்தவும் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதற்கு அடுத்த கட்டத்தில்தான் பலரும் திணறுகிறார்கள். குதிரை வேகமெடுத்ததும் நாம் சாய்கிறோம்; நாம் சாய்வதால் அதுவும் சாய்கிறது; கடைசியில் கடிவாள வார் ஒன்றுதான் பிடிமானம் என்றாகிவிடுகிறது. இதைச் சரிசெய்ய நம் இராமநாதபுரம் கரையைவிட நல்ல பயிற்சிக்களம் எனக்குத் தெரியாது. நான்கு குளம்புகளும் எங்கே விழுந்தன என்பதை ஈர மணல் அப்படியே காட்டிவிடும்.

இடம், நேரம்

கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் வேண்டாம். அரியமான் போன்ற வடகடல் (பாக் விரிகுடா) கரைகள் அப்போது அடங்கிக் கிடக்கும். வாடைக்காற்று தொடங்கினால் நிலைமை மாறிவிடும். கரையில் வலை உலர்த்துகிறவர்களிடம் கேளுங்கள், அன்றைய நிலவரம் தெரிந்துவிடும். தனுஷ்கோடிக்குப் போக ஆசை வரும். காற்றும் சுற்றுலா வண்டிகளும் நிறைந்த இடம், பழகாத குதிரைக்கு ஆகாது.

விடியற்காலையில் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். உலர்ந்த ஆழ மணலில் ஓட்டினால் குதிரையின் கால் தசைநார் கெடும். குளம்பு ஒரு விரற்கடை மட்டும் பதிகிற ஈர மணலே சரி. ஏறுவதற்கு முன் அந்த இடத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். நண்டு வளை, அறுந்த வலை, நங்கூரக் கயிறு, ஒதுங்கிய சொறிமீன், வழுக்கும் கடற்புல் குவியல் எல்லாம் இருக்கும்.

கருவிகள்

முள் வைத்த கடிவாளம் இன்னும் சந்தைகளில் விற்கிறது. வாங்காதீர்கள். பாரம் சுமக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு வதைத்தடுப்பு விதிகளே அதைத் தடைசெய்திருக்கின்றன. வாய் புண்ணான குதிரை தலையை மேலே தூக்கும், முதுகு இறுகும். அதன்பின் சமநிலைக்கு வழியே இல்லை. நடுவில் மூட்டுள்ள வழவழப்பான கடிவாள இரும்பு போதும். கழுத்தைச் சுற்றி ஒரு பருத்திக் கயிற்றைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். தடுமாறும்போது வாரை இழுக்காமல் அதைப் பிடித்துக்கொள்ளலாம். நைலான் வலைக்கயிறு கையையும் கழுத்தையும் அறுக்கும்.

சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்படும் அளவு. 300 கிலோ நாட்டுக் குதிரை என்றால் மொத்தம் 60 கிலோ.

உட்காரும் முறை

காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே செங்குத்துக் கோட்டில் வர வேண்டும். அங்கவடியை (கால் வைக்கும் வளையத்தை) கழற்றிவிட்டு நடையில் மட்டும் சிறிது நேரம் பழகுங்கள். குதிரையின் முதுகு இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறித் தாழ்வதை இடுப்பு உணர்ந்துவிட்டால் போதும், அடுத்ததற்குப் போகலாம்.

வட்டம்

எனக்கு மிகத் தாமதமாகப் பிடிபட்டது இதுதான், ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு குச்சியை ஊன்றி, 10 மீட்டர் கயிறு கட்டி, மறுமுனையால் மணலில் கோடு இழுங்கள். 20 மீட்டர் விட்டமுள்ள வட்டம் கிடைக்கும். நடையில் ஒரே ஒரு சுற்று வந்ததும் இறங்கித் தடத்தைப் பாருங்கள். முன்குளம்பின் தடம் அகன்று வட்டமாக இருக்கும்; பின்குளம்பின் தடம் சற்றுக் குறுகிக் கூர்மையாக இருக்கும்.

பின்தடம் அதே பக்கத்து முன்தடத்தின் மேலோ அதைத் தாண்டியோ விழுந்திருந்தால் நல்லது, குதிரை பின்னங்கால்களால் உந்தி நடந்திருக்கிறது. குதிரை சும்மா நிற்கும்போதே அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு முன்னங்கால்களில் இறங்குகிறது. நாம் ஏறியதும் அந்தச் சுமை இன்னும் கூடும். பின்னங்கால் வயிற்றுக்கடியில் நன்றாக எட்டி வைத்தால்தான் முன்பாரம் குறையும். பின்தடம் எட்டாமல் விழுந்தால் குதிரை சோம்பியிருக்கலாம், அல்லது நாம் வாரை இறுக்கி அதன் முதுகைப் பூட்டியிருக்கலாம்.

பின்தடங்கள் கோட்டுக்கு வெளியே ஒதுங்கியிருந்தால் உள்பக்க (வட்டத்தின் மையப் பக்க) வாரை இழுத்துத் திருப்பியிருக்கிறீர்கள் என்று பொருள். தலை உள்ளே வரும், பின்புறம் வெளியே வீசும். தடங்கள் கோட்டை விட்டு உள்ளே சரிந்து, அவற்றின் உள்விளிம்பு ஆழமாகப் பதிந்திருந்தால், உங்கள் உடல் உள்பக்கம் சாய்ந்திருக்கிறது.

திருத்தும் வழி இது. கண்ணைக் குதிரையின் கழுத்திலிருந்து எடுத்து, வட்டத்தில் கால் பங்கு முன்னே வையுங்கள். இரண்டு இருக்கை எலும்புகளிலும் எடை சமமாக இருக்கட்டும். உங்கள் உள்கால் வயிற்றுவாரின் அருகே லேசாக அழுத்தட்டும்; வெளிக்கால் ஒரு கை அகலம் பின்னே இருந்து பின்புறத்தைத் தாங்கட்டும். வெளிவார் நிலையாக இருந்து குதிரையின் தோளை அடக்க வேண்டும். உள்வாரில் குதிரையின் கண்ணோரம் தெரியும் அளவு வளைவு போதும். மறுபடி ஒரு சுற்று வந்து, மறுபடி இறங்கிப் பாருங்கள். திசையையும் மாற்றுங்கள், எல்லாக் குதிரைக்கும் ஒரு பக்கம் வசதி, மறுபக்கம் விறைப்பு.

ஓட்டம், கழிகள்

இரட்டைத் தாள ஓட்டத்தில் குறுக்கெதிர்க் கால்கள் ஜோடியாக நகரும். குதிரையின் வெளித்தோள் முன்னே போகும்போது எழுந்து, பின்னே வரும்போது அமருங்கள். உள்பின்னங்கால் எட்டி வைக்கும் நொடியில் முதுகு லேசாக இருக்கும். பிறகு நான்கு சவுக்கு மரக் கழிகளை ஏறக்குறைய 80 செ.மீ. இடைவெளியில் போட்டு நடையில் கடக்கவிடுங்கள். உங்கள் குதிரை எட்டி வைக்கும் நீளத்துக்கு ஏற்ப இடைவெளியைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

முடித்ததும் நல்ல தண்ணீரால் கால்களையும் வயிற்றுவார் படும் இடத்தையும் கழுவுங்கள். உப்பு காய்ந்தால் தோல் புண்ணாகும். 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கப்பலில் வந்திறங்கும் குதிரைகள் பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் மடிந்துபோவதைக் குறித்து வைத்தார். குடிநீருக்கே தவிக்கும் ஊர்தான் நம்முடையது. ஆனாலும் கழுவும் அந்த இரண்டு குடம் தண்ணீரில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பின்சேர்க்கை: "வடகடலில் ஈர மணல் 20 மீட்டர் அகலம் இல்லையே" என்று பலர் எழுதியிருந்தார்கள். உண்மைதான், இங்கே நீர் ஏற்றவற்றம் குறைவு, பட்டை ஒடுக்கமாகவே இருக்கும். முழு வட்டத்தை விட்டுவிட்டு, கரையோரமாக இடமும் வலமும் மாறி மாறி அகன்ற வளைவுகள் போடுங்கள். தடம் முழுவதும் ஈரத்திலேயே கிடக்கும். அலையைக் கண்டு பின்வாங்கும் குதிரையை நீரை நோக்கி உந்த வேண்டாம். அலைக்கு இணையாக நடத்தி, அதன் காது தளர்ந்த பிறகு ஒரு முழம் மட்டும் நெருங்குங்கள். காது மீண்டும் விறைத்தால் பழைய கோட்டுக்கே திரும்பிவிடுங்கள்.