பழைய வேட்டி, வெங்காயத் தோல், ஒரு தோள்பை

சாம்பார்க் கறை பட்டு ஒதுக்கிவைத்த வெள்ளை வேட்டி அநேகமாக எல்லார் வீட்டிலும் இருக்கும். அதை வெங்காயத் தோலில் பொன்பழுப்பாக்கித் தோள்பை தைக்கலாம்.

முதலில் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலானால் பருத்தி. உருகி மணிபோல இறுகினால் பாலியஸ்டர் கலந்தது. அதை விட்டுவிடுங்கள், சாயம் சரியாகப் பிடிக்காது.

அப்புறம் கஞ்சி போக வேண்டும். இரண்டு ஸ்பூன் சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு அலசுங்கள். முதல் தடவை நான் அவசரப்பட்டு இதைத் தாண்டிப் போனேன். சாயம் திட்டுத்திட்டாக நின்றது.

அடுத்தது கடுக்காய். பொறுமை வேண்டிய இடம் இதுதான். பருத்திக்குச் சாயத்தைப் பிடித்துவைக்கும் குணம் குறைவு. கடுக்காயின் துவர்ப்பு நூலில் ஒட்டும், துவர்ப்பைப் படிகாரம் பற்றும், படிகாரத்தைச் சாயம் பற்றும். மூங்கில் எழுதுகோலால் கையால் ஓவியம் தீட்டும் காளஹஸ்தி கலம்காரித் துணிகூட கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறித்தான் தொடங்குகிறது. 200 கிராம் துணிக்கு 40 கிராம் கடுக்காய்ப் பொடியை வெந்நீரில் கரைத்து, இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் பிழிந்து, அலசாமல் உலர்த்துங்கள். பிறகு 30 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் நாலைந்து மணி நேரம் ஊறட்டும். இரண்டுமே நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும்.

வெங்காயத் தோலுக்குக் காய்கறிக் கடைக்காரரிடம் சொல்லிவைத்தால் போதும். 200 கிராம் தோலை எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். இரும்புச் சட்டி வேண்டாம், நிறம் கறுத்துவிடும். சாயத்துக்கென ஒதுக்கிய பாத்திரத்தில் மறுபடி சமைக்காதீர்கள். ஈரத் துணியைப் போட்டு, சிறு தீயில் ஒரு மணி நேரம் கிளறிக்கொண்டே இருங்கள். அதே நீரில் ஆறவிட்டு, நிழலில் உலர்த்துங்கள். மஞ்சள் தூள் வேண்டவே வேண்டாம்: சோப்புப் பட்டால் சிவக்கும், வெயிலில் வெளுக்கும்.

கொஞ்சம் ஆழ்ந்த பாசிநிறம் பிடிக்குமென்றால், துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் பத்து நாள் ஊறவைத்த நீரை ஒரு வாளித் தண்ணீரில் ஒரே ஒரு ஸ்பூன் விட்டு, துணியை முக்கி எடுங்கள். கூடினால் இரும்பு நூலை அரித்துவிடும்.

இரண்டு நாள் கழித்துப் பூந்திக்கொட்டை நீரில் அலசுங்கள். தைக்கும்போது கரையைத் தனியாக வெட்டி, நான்காக மடித்துக் கைப்பிடியாக்குங்கள். நைந்த பகுதி இருந்தால் அதை உள்துணியாக வையுங்கள். என் பைக்கு அப்பா வேட்டியின் பச்சைக் கரை. பொன்பழுப்புக்கு அவ்வளவு எடுப்பாக இருக்கிறது.