மீன் லோடு ஏற்றும் பழைய பிக்கப்பா? கமான் பட்டையைக் கவனியுங்கள்

கடலூர் முதுநகரில் மீன் லோடு ஏற்றும் பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள், மாதம் ஒருமுறையாவது வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கடற்காற்று ஒரு பக்கம் என்றால், ஐஸ் உருகி ஒழுகும் மீன் தண்ணீர் கமான் பட்டைகளுக்கு (வண்டியின் எடையைத் தாங்கும், வில் போல வளைந்த எஃகுப் பட்டைகள், லீஃப் ஸ்பிரிங்) நடுவில் புகுந்து அரித்துவிடும். பட்டையின் முனையைத் தாங்கும் ஷேக்கிள் என்ற ஆடும் இணைப்பு மாட்டியிருக்கும் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) பகுதியைச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். துரு செதில் செதிலாக உதிர்ந்தால் முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும். அதை விட்டுவிட்டுப் புதுப் பட்டை போடுவது வீண் செலவு.

விரிசல் விட்ட பட்டைக்கு வெல்டிங் வைக்கவே கூடாது. சூடு பட்டால் எஃகின் பதம் போய், லோடோடு ஓடும்போது ஒடியும். எங்கள் வண்டியில் அந்தத் தப்பைச் செய்து, நடுரோட்டில் மீனோடு நின்றோம்.

பட்டையைக் கழற்றுவதற்கு முதல் நாள் இரவே நட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். பட்டையை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யு போல்ட் அசையவில்லையா? அறுத்தே எடுக்கலாம், எப்படியும் புதியதுதான் போட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், சேசிஸுக்கு ஸ்டாண்ட் கொடுங்கள்.

பட்டையை இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் வண்டி சாயும். பட்டையின் முனைகளில் ரப்பர் புஷ் (ரப்பர் உறை) உள்ள போல்ட்டுகளை, சக்கரம் தரையில் இறங்கி எடை விழுந்த பிறகே கடைசியாக முறுக்க வேண்டும். அப்புறம் 200, 300 கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டை மறுபடி முறுக்கிப் பாருங்கள். புதுச்சேரிக்கு ஐந்தாறு நடை போய்வந்தாலே அவ்வளவு தூரம் ஆகிவிடும்.