வெளிநாடு போறீங்களா, காசை எப்ப எங்க மாத்துறதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

டிக்கெட் போட்ட அன்னிக்கே இந்தக் கவலை ஆரம்பிச்சிடும். இப்பவே மாத்திடலாமா, இல்ல ரேட் இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்னு காத்திருக்கலாமா, அங்க போய் மாத்தினா நல்லா குடுப்பாங்களான்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. நானும் முதல் ரெண்டு மூணு பயணத்துக்கு தினமும் காலைல எழுந்ததும் ரேட்தான் பாத்துட்டு இருந்தேன். இப்ப அப்படிப் பாக்கறதில்ல, ஏன்னா ரேட் ஏறி இறங்குறதுல போற காசைவிட தப்பான இடத்துல மாத்தி விடுற காசுதான் ரொம்ப அதிகம்னு நல்லா புரிஞ்சுபோச்சு.

கணக்கை ஒரு தடவை போட்டுப் பாத்துடலாம். கூகுள்ல தேடினா வர்ற ரேட், பெரிய பேங்குங்க தங்களுக்குள்ள வாங்கி விக்கிற விலைக்கு நடுவுல இருக்கிற ரேட், அந்த விலைக்கு நமக்கு யாரும் நோட்டு தரமாட்டாங்க. கவுன்டர்ல ரெண்டு நம்பர் போட்டிருப்பாங்க, ஒண்ணு அவங்க விக்கிற ரேட், இன்னொண்ணு வாங்குற ரேட், நாம வெளிநாட்டு காசு வாங்கப் போனா அவங்க விக்கிற ரேட்தான் நமக்கு. கூகுள் ரேட் 100ன்னு வச்சுக்கோங்க, அந்த ஊரு காசு 1,000 வேணும், நியாயமா 1,00,000 ஆகணும். ஒரு கடையில 102க்கு விக்கிறான், 1,02,000 ஆச்சு. ஏர்போர்ட்ல 112ன்னு போட்டிருக்கான், 1,12,000 ஆச்சு. ரெண்டுக்கும் நடுவுல 10,000 வித்தியாசம், அதுவும் ஒரே நாள்ல, ஒரே காசுக்கு. நிலையா இருக்கிற கரன்சி ஒரு மாசத்துல ஒண்ணு ரெண்டு சதவீதம் நகர்றதுதான் வழக்கம், அதுக்காக ஒரு மாசம் தூக்கம் கெட்டுட்டு கடைசியில அவசரத்துல ஏர்போர்ட்ல போய் நின்னா அத்தனையும் வீண்.

'கமிஷன் கிடையாது'ன்னு பெருசா போர்டு வச்சிருப்பாங்க, அதை மட்டும் பாத்து உள்ள போயிடாதீங்க, கமிஷன் எடுக்காதவன் அதை ரேட்டுக்குள்ளயே வச்சிருப்பான். ரேட் நல்லா குடுக்கறவன் தனியா சார்ஜ் போடுவான். அதனால ரேட் என்ன, கமிஷன் என்னன்னு தனித்தனியா கேக்காம ஒரே கேள்வி கேளுங்க: "நான் இவ்வளவு குடுத்தா எல்லாம் போக என் கையில எவ்வளவு வரும்?" இதையே மூணு இடத்துல கேட்டுட்டு கூகுள் ரேட்டோட ஒப்பிட்டுப் பாருங்க, அஞ்சு நிமிஷ வேலைதான்.

சரி, எப்ப மாத்தலாம்? ரேட் எந்தப் பக்கம் போகும்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாது, இதை நான் மனசார சொல்றேன். 2015 ஜனவரி 15ல ஸ்விட்சர்லாந்து சென்ட்ரல் பேங்க் ஒரு யூரோவுக்கு 1.20 ஃபிராங்க்குக்குக் கீழ போகவிடாம வச்சிருந்த வரம்பை திடீர்னு எடுத்துட்டாங்க, அன்னிக்கே ஃபிராங்க் எகிறிடுச்சு. 2016 ஜூன்ல பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு விலகணும்னு ஓட்டு முடிவு வந்ததும் பவுண்டு ஒரே ராத்திரியில சரிஞ்சுது. இதை எதிர்பார்க்காம நஷ்டப்பட்டவங்கள்ல இதையே தொழிலா பண்றவங்களும் இருந்தாங்க, அப்புறம் நாம எங்க கணிக்கிறது. பயணம் ரெண்டு மூணு மாசம் தள்ளி இருக்குன்னா தேவையான காசை மூணா பிரிச்சு மூணு தடவையா மாத்துங்க, ஒட்டுமொத்தமா ஒரு சராசரி ரேட் கிடைக்கும், மனசும் நிம்மதியா இருக்கும். ஆனா ஒவ்வொரு தடவைக்கும் தனி சார்ஜ் போடுற இடம்னா பிரிக்காதீங்க, அப்ப ஒரே தடவை மாத்துறதுதான் சரி. இன்னொண்ணு, சந்தை வெள்ளிக்கிழமை ராத்திரி மூடினா திங்கள்தான் திறக்கும், நடுவுல ரேட் மாறிடுமோங்கற பயத்துல சில இடத்துல சனி ஞாயிறு கொஞ்சம் கூடுதலா வச்சு விப்பாங்க, அதனால வாரநாள்ல பகல் நேரத்துல மாத்திடுங்க.

சில நாட்டு காசு டாலரோட கட்டிப்போட்டது. சவுதி ரியால் ஒரு டாலருக்கு 3.75, அமீரக திர்ஹாம் 3.6725, ஹாங்காங் டாலர் 7.75க்கும் 7.85க்கும் நடுவுலயே இருக்கும். இந்த ஊருக்குப் போறவங்க உங்க காசுக்கும் டாலருக்கும் என்ன ரேட்டுன்னு மட்டும் கவனிச்சாலே போதும்.

எங்க மாத்துறதுங்கறது நீங்க எந்த ஊருக்குப் போறீங்கங்கறதைப் பொறுத்தது. டாலர், யூரோ, பவுண்டு மாதிரி எல்லாரும் வாங்கி விக்கிற காசுன்னா கிளம்புறதுக்கு முன்னாடியே வாங்கிடலாம், போட்டி இருக்கும், ரேட்டும் பரவாயில்லாம இருக்கும். அதிகம் புழங்காத காசுன்னா இங்க வாங்கவே வாங்காதீங்க, யாரும் கேக்காத நோட்டை வச்சிருக்கறவன் அதுக்கும் சேத்துதான் விலை வைப்பான், அந்த மாதிரி ஊருக்கு டாலரோ யூரோவோ கொண்டுபோய் அங்க மாத்தறதுதான் லாபம், ரெண்டு தடவை மாத்துறோமேன்னு தோணும் ஆனா கணக்குப் போட்டுப் பாத்தா பெரும்பாலும் அதுதான் குறைவா வரும். துனிசியா மாதிரி சில நாட்டு காசை வெளியில இருந்து உள்ள கொண்டுபோறதுக்கே தடை இருக்கு, அங்க போய்தான் மாத்தணும், திரும்பும்போதும் கையில வச்சுட்டு வரக்கூடாது.

டாலர் கொண்டுபோறதா இருந்தா நோட்டைப் பாத்து வாங்குங்க. கம்போடியா, மியான்மர் பக்கம் லேசா கிழிஞ்சது, கிறுக்கினது, மடிப்பு விழுந்ததுன்னா வாங்கமாட்டேன்னுடுவாங்க. 2013ல வந்த நீலப் பட்டை போட்ட நூறு டாலர் நோட்டு எங்கயும் சிக்கல் இல்லாம போகும், அதுக்கும் பழசுன்னா சில இடத்துல ரேட் குறைப்பாங்க. சின்ன நோட்டுக்கும் பல ஊர்ல நூறு டாலருக்குக் குடுக்கிற ரேட் கிடைக்காது.

ரொக்கம் எவ்வளவு வேணும்? நான் வச்சிருக்கிற அளவு, இறங்கின உடனே டாக்ஸி, சாப்பாடு, ஒரு ராத்திரி தங்குற செலவு, அதுக்கு மேல ஒரு நாள் செலவு. மீதி எல்லாம் கார்டுலதான். விசா, மாஸ்டர்கார்டு மாதிரி கார்டு நெட்வொர்க் போடுற ரேட் பெரும்பாலும் கூகுள் ரேட்டுக்கு பக்கத்துலயே இருக்கும், உங்க பேங்க் அதுமேல எத்தனை சதவீதம் போடுதுங்கறதுதான் விஷயம், கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு கேட்டுக்கோங்க. அப்படியே வெளிநாட்டுல கார்டு வேலை செய்யற மாதிரி ஆன் பண்ணிடுங்க. ரெண்டு கார்டு வேணும், அதுவும் ரெண்டும் ஒரே பர்ஸ்ல இருக்கக்கூடாது.

இப்ப சொல்லப்போறதுதான் ரொம்ப முக்கியம், இதுல நானே காசு விட்டிருக்கேன். கடையில கார்டு தேய்க்கும்போதும் ஏடிஎம்ல எடுக்கும்போதும் மெஷின் ஒரு கேள்வி கேக்கும், உங்க நாட்டு காசுல கழிக்கவா, இந்த ஊரு காசுல கழிக்கவான்னு. பாக்க நம்ம காசுல தெரியறதுதான் வசதின்னு தோணும், அதை அழுத்தினா ரேட்டை நம்ம பேங்க் போடாது, அந்தக் கடைக்காரனோட மெஷின் போடும், பல சதவீதம் மோசமா போடும். ஒரு கடையில என்னைக் கேக்காமலே பில்லு போடற பொண்ணு என் நாட்டு காசை அழுத்திட்டா, ரூம்ல வந்து கணக்குப் பாத்தா கிட்டத்தட்ட ஏழு சதவீதம் அதிகம். இப்பல்லாம் மெஷினை என் கையில வாங்கி நானே அழுத்துறேன். எப்பவும் அந்த ஊரு காசையே தேர்ந்தெடுங்க. ஏடிஎம்ல "இந்த ரேட்டை ஏத்துக்கறீங்களா"ன்னு வரும், வேணாம்னு அழுத்துங்க, பணம் வராம போயிடுமோன்னு பயப்படாதீங்க, பணம் வரும், ரேட் மட்டும் உங்க பேங்க் ரேட்டா மாறும்.

ஏடிஎம்ல ஒவ்வொரு தடவைக்கும் தனி சார்ஜ்னா நாலு தடவை கொஞ்சம் கொஞ்சமா எடுக்காம ஒரே தடவையா எடுங்க. பேங்க் வாசல்ல இருக்கற ஏடிஎம்மா பாத்து போங்க, டூரிஸ்ட் கூடுற தெருவுல தனியா நிக்கிற மெஷின்ல சார்ஜ் அதிகமா இருக்கும். கிரெடிட் கார்டுல ரொக்கம் எடுக்கவே எடுக்காதீங்க, எடுத்த அன்னிலேர்ந்தே வட்டி ஓடும்.

பெரிய தொகையா ரொக்கம் கொண்டுபோறவங்களுக்கு ஒண்ணு. ஐரோப்பிய யூனியனுக்குள்ள போகும்போதோ வெளிய வரும்போதோ 10,000 யூரோவோ அதுக்கு மேலயோ இருந்தா எழுதிக் குடுக்கணும், அமெரிக்காவுல 10,000 டாலருக்கு மேல இருந்தா சொல்லணும். கொண்டுபோறது தப்பில்ல, சொல்லாம கொண்டுபோறதுதான் தப்பு, பறிமுதல் பண்ணிடுவாங்க. உங்க நாட்டுல இருந்து எவ்வளவு வெளிய எடுத்துட்டுப் போகலாம்னும் ஒரு வரம்பு இருக்கும், அதையும் பாத்துக்கோங்க.

மிச்சக் காசு விஷயம். திரும்ப மாத்தும்போது அவங்க வாங்குற ரேட்தான் கிடைக்கும், ஆக அதே காசுக்கு ரெண்டாவது தடவை நஷ்டம். கடைசி ரெண்டு நாள் எண்ணி எண்ணி எடுங்க, ஹோட்டல் பில்லுல பாதியை ரொக்கமா குடுத்து மீதியை கார்டுல போடச் சொன்னா பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. காசு மாத்தின ரசீதை பத்திரமா வைங்க, சில நாட்டுல அது இல்லாம திரும்ப மாத்தித் தரமாட்டாங்க. சில்லறை நாணயத்தை எவனும் வாங்கமாட்டான், அங்கயே செலவு பண்ணிடுங்க. ஸ்காட்லாந்து போயிட்டு வர்றவங்க அந்த ஊரு பேங்க் அடிச்ச நோட்டு கையில இருந்தா அங்கயே இங்கிலாந்து நோட்டா மாத்திக்கோங்க, வெளிநாட்டுல அதை வாங்கறவங்க ரொம்பக் கம்மி. அடுத்த தடவைக்குன்னு டிராயர்ல போட்டு வைக்கிறவங்களும் கிளம்புறதுக்கு முன்னாடி அந்த நோட்டு இன்னும் செல்லுதான்னு பாருங்க, பிரிட்டன்ல பேப்பர் 20 பவுண்டும் 50 பவுண்டும் 2022 செப்டம்பர் 30க்கு அப்புறம் கடையில வாங்கறதில்ல, பேங்க் ஆஃப் இங்கிலாந்துல குடுத்து மாத்திக்கலாம்.