முதல் விமான கம்பெனி: பாண்டில் கையெழுத்துப் போடும் முன்

சிபிஎல் என்கிற கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் கைக்கு வந்தாயிற்று, 200 மணி நேரம் பறந்தாயிற்று, வீட்டில் இருந்ததெல்லாம் செலவாகிவிட்டது, இனி முதலில் கூப்பிடுகிற கம்பெனிக்கு ஓடிவிடலாம் என்றுதான் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் நினைக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள் தம்பி. அங்கே ஒழுங்காகப் பறக்க விடுவார்களா என்று முதலில் பாருங்கள், சம்பளமெல்லாம் அப்புறம். கேப்டன் ஆக ஏடிபிஎல் என்கிற அடுத்த நிலை லைசென்ஸ் வேண்டும், அதற்கு 1500 மணி நேரம் சேர வேண்டும்.

கம்பெனியிடம் எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்டால் ஒரு பெரிய எண்ணைச் சொல்வார்கள். எத்தனை பறக்கிறது என்பது வேறு கணக்கு. விமானங்கள் பறப்பதை நேரலையில் காட்டும் ஃபிளைட்ரேடார் 24 இணையதளத்தில் ஒரு வாரம் அவர்கள் விமானங்களைத் தொடர்ந்து பாருங்கள், தரையிலேயே நிற்பவை தெரிந்துவிடும். விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் மாதாந்திர உள்நாட்டுப் போக்குவரத்து அறிக்கையில் யார் எவ்வளவு ரத்து செய்தார்கள் என்று இருக்கும், ஆறு மாதத்து அறிக்கையைச் சேர்த்துப் படியுங்கள். சின்ன ஊர்களுக்குப் பறக்க அரசு மானியம் தரும் உடான் திட்டத்தை நம்பிச் சின்ன கம்பெனிகள் பல ஓடுகின்றன. அந்த மானியம் ஒரு தடத்துக்கு மூன்று வருஷம்தான், அதற்குப் பிறகு என்ன செய்வீர்கள் என்று இன்டர்வியூவிலேயே கேட்கலாம், தப்பில்லை. மதுரையிலிருந்து பறந்த பாரமவுண்ட் 2010-லும், சேலத்துக்கு வந்த ட்ரூஜெட் 2022-லும் நின்றுபோனதை நம் பக்கத்தில் எல்லோரும் பார்த்தோமே.

ஜெட்தான் வேண்டும் என்று ஏடிஆர் என்கிற சின்ன டர்போப்ராப் (விசிறி வைத்த) விமானத்தை ஒதுக்காதீர்கள். ஒரு மணி நேரத் தடங்களில் ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்குவீர்கள், சின்ன ஓடுதளம், குறுக்குக் காற்று எல்லாம் பழகிவிடும். இண்டிகோ, அலையன்ஸ் ஏர், ஃபிளை91 மூன்றிலும் ஏடிஆர் இருக்கிறது, அதனால் ஒரு கம்பெனி தடுமாறினாலும் உங்கள் டைப் ரேட்டிங்கோடு (அந்த ரக விமானத்தை ஓட்டப் பயிற்சி பெற்று வாங்கும் தகுதி) இன்னொன்றில் கேட்கலாம். ஸ்டார் ஏரில் எம்ப்ரேயர், ஜெட் அனுபவம் கிடைக்கும், நல்ல விஷயம்தான். ஆனால் அந்த ரேட்டிங்கை எடுத்துக்கொண்டு உள்நாட்டில் வேறு எங்கே போவது என்று யோசித்துவிட்டுச் சேருங்கள்.

இனி பாண்டு, அதாவது இத்தனை வருஷம் வேலையை விடமாட்டேன், விட்டால் இவ்வளவு பணம் கட்டுவேன் என்று கம்பெனிக்கு எழுதிக்கொடுப்பது. பர்மாக் கடைக்குப் போகும் ஆளுக்கு மூன்று வருஷத்துக்குச் சம்பளம் பேசி எழுதிக்கொண்ட ஊர்க்காரர்கள் நாம், இதைப் படிக்காமல் கையெழுத்துப் போடலாமா? டைப் ரேட்டிங் செலவை யார் கட்டுகிறார்கள்? நீங்களே கட்டினால் பாண்டு எதற்கு என்று கேளுங்கள். அவர்கள் கட்டினால், பாண்டு காலம் தொடங்குவது வேலையில் சேர்ந்த நாளிலிருந்தா, பயிற்சி முடிந்து வழக்கமான பயணிகள் விமானத்தில் பறக்க விடும் லைன் ரிலீஸ் நாளிலிருந்தா? இரண்டுக்கும் நடுவே பல மாதம் ஓடிவிடும். வேலை செய்யச் செய்யத் தொகை குறையுமா, கடைசி நாள் வரை முழுசாகவே நிற்குமா? சம்பளம் நின்றாலும், வாடகைக்கு எடுத்த விமானத்தையே கம்பெனி திருப்பிக் கொடுத்துவிட்டாலும் பாண்டு உங்களைப் பிடிக்குமா? இதற்கெல்லாம் வாய்மொழி பதில் வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள், தேவகோட்டையில் தெரிந்த வக்கீலிடம் காட்டுங்கள். ஜாமீனுக்குச் சொத்துக் கேட்டால், பங்காளிகளுக்கும் பாத்தியப்பட்ட வீட்டை எந்தக் காரணத்துக்கும் உள்ளே கொண்டுவராதீர்கள், அப்பச்சி சம்மதித்தாலும் வேண்டாம். பாண்டு முடிந்தாலும் உடனே கிளம்ப முடியாது. 2017-இல் வந்த டிஜிசிஏ விதிப்படி ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை விமானி) 6 மாதம், கேப்டன் 12 மாதம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

பேஸ், அதாவது நீங்கள் தங்கி வேலைக்குப் போகும் இடம், எந்த ஊர் என்பதும் முக்கியம்தான். சென்னை கிடைத்தால் லீவுக்குப் பல்லவன் ரயிலில் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் இரண்டு கம்பெனியும் மற்ற எல்லாவற்றிலும் சமமாக இருந்தால் மட்டும் இதை வைத்து முடிவெடுங்கள்.

ஆஃபர் லெட்டர் வந்தும் பயிற்சி வகுப்பு தொடங்காமல் மாதக்கணக்கில் உட்கார வைப்பதுண்டு. போன வருஷம் எடுத்தவர்களில் எத்தனை பேர் இப்போது லைனில் பறக்கிறார்கள் என்று அங்கே இருக்கும் ஜூனியர் ஃபர்ஸ்ட் ஆபீசர் இரண்டு பேரிடமாவது விசாரியுங்கள். காத்திருக்கும் காலத்தில் மெடிக்கல் சான்றிதழும், வெளியே பார்க்க முடியாதபோது கருவிகளை வைத்தே பறக்கும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், புதுப்பிக்க ஆகும் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.