மோதல் எண் 5 என்றால் எந்த 5? சுழற்சித் தளர்வைக் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஎஸ்எம்சி முறையில் (மாதிரி மூலக்கூறுகளை நகர்த்தி, தற்செயல் எண்களைக் கொண்டு மோதவிட்டு) வாயு ஓட்டத்தைக் கணக்கிடப் புதிதாக வருகிறவர்களின் நிரல்களைச் சரிபார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. யார் வந்தாலும், நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்த அதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். கட்டம் பெரிதாகப் போனது, கால அடி நீண்டது என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை தாமே பல்லிளித்துவிடும். வரைபடம் வழவழவென்று வந்து, விடை மட்டும் தப்பாக இருக்கும் இடங்கள்தான் ஆபத்து.

எந்த 5?

இரண்டு நைட்ரஜன் மூலக்கூறுகள் மோதும்போது சுழற்சி ஆற்றலில் ஒரு பங்கு இடப்பெயர்ச்சிக்கு (மூலக்கூறு இடம்விட்டு இடம் நகரும் இயக்கத்துக்கு) போகலாம், அல்லது அங்கிருந்து வரலாம். மொத்தம் மாறாது. சுழற்சி, இடப்பெயர்ச்சி வெப்பநிலையோடு ஒத்துப்போகச் சராசரியாக எத்தனை மோதல் பிடிக்கிறது என்பதே சுழற்சி மோதல் எண்; இப்படி ஒத்துப்போவதுதான் சுழற்சித் தளர்வு. அறை வெப்பநிலை நைட்ரஜனுக்கு 4, 5 என்று கட்டுரைகளில் பார்க்கலாம். உடனே என்ன செய்கிறார்கள்? ஐந்தில் ஒரு மோதலில் போர்க்நக்கே–லார்சன் முறைப்படி (ஆற்றலை ஒன்றாகச் சேர்த்துத் தற்செயலாகப் பிரிப்பது) ஆற்றலைப் பங்கிடு என்று நிரலில் எழுதிவிடுகிறார்கள்.

அங்கேதான் தப்பு. கட்டுரையில் இருக்கும் 5, ஜீன்ஸ் சமன்பாட்டின் 5; அதில் சுழற்சி வெப்பநிலை மாறும் வீதம், இரு வெப்பநிலைகளின் வித்தியாசத்தைத் தளர்வுக் காலத்தால் வகுத்தது. நிரல் கேட்பது, ஒரு மோதலில் ஆற்றல் பங்கிடப்படும் நிகழ்தகவின் தலைகீழ். ஒரு மோதலில் ஒரு மூலக்கூறின் சுழற்சி ஆற்றலையும் அந்த இணையின் இடப்பெயர்ச்சி ஆற்றலையும் ஒன்றாகக் கொட்டிப் பங்கிடும்போது, சுழற்சி ஏறினால் இடப்பெயர்ச்சி இறங்குகிறது. ஆகவே அந்தப் பங்கீட்டில் சுழற்சிக்கும் இடப்பெயர்ச்சிக்கும் உள்ள இடைவெளி முழுதாக மூடாது. மோதும் இணையின் இடப்பெயர்ச்சிக்குச் சுதந்திர இயக்கக் கூறுகள் 3.52 (பாகுநிலை வெப்பநிலையின் 0.74 அடுக்காக ஏறுகிறது என்று கொண்டால்), சுழற்சிக்கு 2. மூடுவது 3.52/5.52, அதாவது ஏறக்குறைய 64 சதவீதம். நிரலில் போட வேண்டியது 5 அல்ல, 3.2. லம்ப்கின், ஹாஸ், பாய்ட் மூவரும் 1991-லேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார்கள். இன்னமும் 5 என்றே போட்டுக்கொண்டு வருகிறார்கள் என்பதுதான் எரிச்சல்.

ஒரு மாணவர் நைட்ரஜன் அதிர்ச்சி அலையைக் கணக்கிட்டு வந்தார். சுழற்சி வெப்பநிலை அளவீட்டைவிட மிகவும் பின்தங்கி ஏறியது. (ராபனும் டால்பட்டும் 1966-லேயே எலக்ட்ரான் கற்றையை வைத்து இதை அளந்தவர்கள், ஒப்பிட ஆள் இல்லாத துறையல்ல இது.) மனிதர் மோதல் எண்ணைத் தொடவே இல்லை. மூலக்கூறின் விட்டத்தைக் கூட்டினார். மோதல் கூடியது, சுழற்சி வேகமாக ஏறியது, கோடு பொருந்தியது. ஆனால் பாகுநிலை குறைந்து, அலையின் தடிமன் கெட்டது. அதைச் சரிசெய்ய இன்னொன்றைத் திருகினார். ஒரு பருவம் முழுக்க இப்படியே போனது.

இதற்குள் இன்னொரு பொறியும் உண்டு. மோதல் எண் என்பது தளர்வுக் காலத்தை மோதல் காலத்தால் (இரு மோதல்களுக்கு இடைப்பட்ட சராசரி நேரத்தால்) வகுத்தது. அந்த மோதல் காலம் என்றால் எது? பல கட்டுரைகளில் அது பாகுநிலையை அழுத்தத்தால் வகுத்து 0.785-ஆல் பெருக்கியது. மாறும் விட்டக் கோள மாதிரியில் (மோதும் வேகம் கூடினால் மூலக்கூறின் விட்டம் குறையும் மாதிரி) அதே நைட்ரஜனுக்கு 0.648. ஆக கட்டுரையின் 5, உங்கள் நிரலின் கணக்கில் 6 ஆகிறது; அதை 64 சதவீதத்துக்குக் குறைத்தால் 3.9. இரண்டு தவறுகளும் எதிரெதிர்ப் பக்கம் இழுப்பதால், இரண்டையும் சேர்த்துச் செய்தவரின் விடை (5), மோதல் காலத்தை மட்டும் திருத்தியவரின் விடையைவிடத் (6) தேவலை என்றுகூடத் தோன்றும்! எண்ணை எடுக்காதீர்கள், தளர்வுக் காலத்தை நொடியில் எடுத்து, உங்கள் மாதிரியின் மோதல் காலத்தால் நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு மூடிய பெட்டியில் சோதியுங்கள். அதிலும் கவனம்: பெட்டியில் இடப்பெயர்ச்சியும் குளிர்வதால், இரு வெப்பநிலைகளின் வித்தியாசம் தளர்வுக் காலம் சொல்வதைவிட 5/3 மடங்கு வேகமாகச் சுருங்கும். அதைப் பார்த்துவிட்டு நிரல் தப்பு என்று திருத்தப் போகாதீர்கள்.

எல்லா வெப்பநிலைக்கும் ஒரே எண்

கூடாது. பார்க்கரின் 1959 சூத்திரப்படி நைட்ரஜனுக்கு 300 கெல்வினில் 4 சொச்சம் என்றால் 1000 கெல்வினில் 8-ஐ நெருங்கும்.

ஹைட்ரஜனை நைட்ரஜன் போல நடத்துவது

நைட்ரஜனின் சுழற்சி ஆற்றல் படிகள் நெருக்கமானவை. அவற்றைத் தொடர்ச்சியாகக் கருதலாம். ஹைட்ரஜனில் சாதாரண மோதல் இரண்டிரண்டு படியாகத்தான் தாண்ட வைக்கும். அடிநிலையிலிருந்து முதல் தாவலுக்கே ஏறத்தாழ 510 கெல்வின் அளவு ஆற்றல் வேண்டும். அதனால் அறை வெப்பநிலையில் நூற்றுக்கணக்கான மோதல்கள் தேவைப்படுகின்றன. ஒரு அணுவை டியூட்டீரியமாக மாற்றிப் பாருங்கள்: நிறைமையம் நடுவிலிருந்து விலகும், ஒற்றைப் படித் தாவலும் கைகூடும், தேவையான மோதல்கள் மளமளவென்று குறையும்.

விரியும் தாரையில் ஒரே சுழற்சி வெப்பநிலை

வாயு விரிந்து குளிரும்போது உயர்ந்த சுழற்சி நிலைகள் பின்தங்கும். போல்ட்ஸ்மான் வரைபடம் (நிலைகளில் உள்ள மூலக்கூறு எண்ணிக்கையின் மடக்கையை ஆற்றலுக்கு எதிரே வரைவது; ஒரே வெப்பநிலை என்றால் நேர்க்கோடு) வளைந்தால் வளையட்டும், நேர்க்கோடு போடாதீர்கள்.

ஏறும் வீதத்தையும் இறங்கும் வீதத்தையும் தனித்தனியாகப் பொருத்துவது

ஒன்று தெரிந்தால் மற்றது தானே வரும். நுண்சமநிலை (சமநிலையில் ஒவ்வொரு தாவலும் அதன் எதிர்த் தாவலும் ஒரே அளவில் நடக்கும் என்ற விதி) அதற்குத்தான்.