வெள்ளம் புகுந்த வீட்டின் வயரிங்கைச் சரிசெய்வது எப்படி?

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றிக் கொட்டிய மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் ஈஸ்டர் திருவிழாவுக்குக் கூட்டம் சேரும் வாரம் அது. அங்கே எங்கள் அத்தை வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வடிந்து இரண்டு நாள் வெயில் காய்ந்ததும் மெயின் சுவிட்சைப் போட்டார்கள். எல்லா விளக்கும் எரிந்தது. மாரியம்மா காப்பாற்றினாள் என்று அத்தை கற்பூரம் ஏற்றினார். ஒரு மாதம் கழித்துக் குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கிலிருந்து கருகல் வாடை வந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே காய்ந்த சேறு, செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு.

களிம்பேறிய இணைப்பு சூடாகும்போது பிரேக்கர் விழாது, அதாவது தானாக மின்சாரத்தை நிறுத்தாது. மின்னோட்டம் அளவு மீறினால்தான் அது விழும். மின்கசிவைக் கண்டு மின்சாரத்தை நிறுத்தும் எர்த் லீக்கேஜ் சுவிட்சும் விழாது; 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கசிவு இருந்தால்தான் அது வேலை செய்யும். இரண்டின் கண்ணிலும் படாமல் சுவருக்குள் நெருப்பு வளர்கிறது. அதனால்தான் அவசரப்படாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

முதல் படி: மின்சாரத்தை முழுமையாகத் துண்டிப்பது

டிபி போர்டு, அதாவது மெயின் சுவிட்சும் பிரேக்கர்களும் இருக்கும் பெட்டி, நனைந்திருந்தாலோ, அதை அடையத் தண்ணீரில் கால் வைக்க வேண்டியிருந்தாலோ தொடவே கூடாது. நகராட்சியை அழைத்து வெளியிலேயே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். தரை காய்ந்திருந்தால் மெயினை இறக்கி அணையுங்கள்.

முறைவைத்து மின்சாரத்தை நிறுத்திய லோட் ஷெடிங் காலத்தில் நம்மில் பலர் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கி வைத்தோம். மெயினை இறக்கினாலும் அவற்றிலிருந்து 230 வோல்ட் வயரிங்குக்குள் வந்துகொண்டிருக்கலாம். இன்வெர்ட்டரைத் தனியாக அணைக்க வேண்டும். தண்ணீரில் மூழ்கிய லித்தியம் பேட்டரி பல நாள் கழித்தும் தீப்பிடிக்கலாம். அதை அசைக்காமல், வாங்கிய இடத்திலிருந்து ஆளை வரவழையுங்கள்.

இரண்டாம் படி: கோடு போடுவது

தண்ணீர் ஏறிய உயரத்தை ஒவ்வொரு சுவரிலும் பென்சிலால் குறியுங்கள். காப்பீட்டுக்காகப் படம் எடுங்கள். கோட்டுக்குக் கீழே உள்ள பிளக், சுவிட்ச், இணைப்புப் பெட்டி அத்தனையையும் ஒரு தாளில் எழுதுங்கள். பல இழை கொண்ட கம்பியில் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல உறைக்குள்ளேயே நீர் மேலேறும். ஆகவே கோட்டுக்குச் சற்று மேலே உள்ளவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: எதை எறிவது

இங்கிருந்து பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை தொடங்குகிறது. உங்கள் வேலை கூடவே நின்று பார்ப்பது. மூழ்கிய பிரேக்கர், எர்த் லீக்கேஜ், பிளக், சுவிட்ச் எதையும் உலர்த்திப் போட அனுமதிக்காதீர்கள். வெளியே துடைத்தாலும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கில் மண் நிற்கும். விழ வேண்டிய நேரத்தில் அது விழாது. நம் வீடுகளில் கம்பி செல்லும் குழாய் கூரையிலிருந்து பிளக்குக்கு இறங்குவதால் சேறு அடியில்தான் தங்கும். கம்பிகளை உருவியெடுத்து, குழாயை நல்ல தண்ணீரால் அலசி, நன்றாகக் காயவிட்ட பிறகே புதுக் கம்பி இழுக்க வேண்டும்.

நான்காம் படி: புதுக் கம்பி

விளக்குகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் 10 ஆம்பியர் பிரேக்கரும், பிளக்குகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் 20 ஆம்பியர் பிரேக்கரும் போடுவது இங்கே வழக்கம். அடுப்புக்கும் கீசருக்கும் தனித்தனிச் சுற்று வேண்டும்.

நிறத்தில் மிகக் கவனம் தேவை. தென்னாப்பிரிக்க வீட்டு வயரிங்கில் சிவப்பு லைவ் (மின்சாரம் வரும் கம்பி), கறுப்பு நியூட்ரல் (திரும்பும் கம்பி), பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். அமெரிக்காவில் கறுப்புதான் லைவ். அங்கே எடுத்த காணொளியைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பையன் ஒருவன் கறுப்பை லைவ் என்று இணைத்துவிடுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

சுவரை உடைத்துத் திறந்திருக்கும்போதே பிளக்குகளைப் பென்சில் கோட்டுக்கு மேலே ஏற்றுங்கள். பூசி முடித்த பிறகு அதே வேலைக்கு இரட்டைச் செலவு. கீழ்ப் பகுதிப் பிளக்குகளுக்குத் தனி பிரேக்கர் கொடுத்துவிட்டால், அடுத்த மழையில் அவற்றை மட்டும் இறக்கிவிட்டு விளக்குகளை வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: மெக்கரும் சான்றிதழும்

மெயினைப் போடுவதற்கு முன் 500 வோல்ட் டிசி மெக்கர் என்ற கருவியால் காப்புத் தடையை, அதாவது கம்பியின் உறை மின்கசிவை எவ்வளவு தடுக்கிறது என்பதை, அளக்க வேண்டும். தேசிய வயரிங் விதியான சான்ஸ் 10142-1 குறைந்தது 1 மெகா ஓம் கேட்கிறது. அளக்கும் முன் தொலைக்காட்சி, கணினி எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். அந்த 500 வோல்ட்டை அவை தாங்காது. அளவு குறைந்தால் எங்கோ ஈரம் நிற்கிறது என்று பொருள். சுற்றுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அளந்தால் இடம் பிடிபடும். சுவர் காய வாரக்கணக்கில் ஆகலாம், அதுவரை பொறுங்கள்.

வீட்டு வயரிங்குக்குப் பழைய சான்றிதழ் இருந்தாலும், புதிதாகச் செய்த வேலை விதிப்படி இருப்பதைக் காட்டும் இணக்கச் சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். சோதனை அறிக்கை இணைக்காத சான்றிதழ் செல்லாது. எலக்ட்ரீஷியனுக்குக் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் அந்தத் தாள்களைப் புரட்டி, மெக்கர் காட்டிய எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.